ஆனைகட்டிச் சீரும் ஸ்டார்ட் ஆகாத காரும்

பழைய காரை நம்பி பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஆனைகட்டிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போகலாம், கூடவே வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டரும் வரட்டும். ஆயுதபூஜை முடிந்த மறுவாரம் நாங்கள் போனோம். ஆனைகட்டியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் உட்காரவைக்க வேண்டிய தாய்மாமன் நான் ஒருவன்தான். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை.

வேலந்தாவளம், கோவை வழியாக சுமார் 75 கிலோமீட்டர். ஏழு மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் சீர்த்தட்டுகள், என் பக்கத்தில் மனைவி ரேவதி. கார் போன வருடம் கைமாறி வந்த பெட்ரோல் வண்டி, வயது பதினாறு. மாங்கரையில் ஒன்பதரைக்கு டீ குடிக்க நிறுத்தினோம், அங்கேதான் மாட்டிக்கொண்டோம். சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிப்போனது.

டீக்கடையில் நின்ற ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார். “பேட்டரி செத்துப்போச்சுங்க. தள்ளி உட்டுப் பாக்கலாமுங்க.”

மேலே யானை நடமாடும் காட்டுப்பாதை. தள்ளி ஸ்டார்ட் செய்த வண்டி அங்கே நின்றால்? அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் என்றார்கள். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன்.

பேட்டரியின் ஈய முனைகளில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட். ரேவதி சாவியைத் திருகியபோதும் பெரிதாக இறங்கவில்லை. மீட்டரின் சிவப்பு ஊசியை மட்டும் முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கு நகர்த்தி மறுபடி திருகச் சொன்னேன். ஐந்து! பேட்டரி நன்றாக இருக்கிறது, அதில் உள்ள மின்சாரம்தான் கிளாம்புக்கு வந்து சேரவில்லை. கிளாம்பைக் கழற்றினால் உள்ளே சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து ஓடு மாதிரி. பூஜையன்று வண்டி கழுவ நான் கிளாம்பைக் கழற்றி வைத்திருந்தேன். ஜாக்கி, ஸ்பானர் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த ரேவதி அந்த முனையையும் விடவில்லை. நானும் பார்க்காமல் மாட்டிவிட்டேன்.

“ஏனுங்க, சாமி கும்புட்டது ஒரு குத்தமுங்களா?”

“பொட்டு நெத்தியில வெக்கோணும். வாய்க்குள்ளயா வெப்பாங்க?” என்றேன்.

சிரித்துக்கொண்டே ஜீப் டிரைவர் உப்புத்தாள் கொடுத்தார், டீக்கடைக்காரர் வெந்நீர். தேய்த்துத் துடைத்து இறுக்கினேன். முதல் திருகலிலேயே வண்டி உறுமியது. ஆகவே நண்பர்களே, ‘டக்’ கேட்டதும் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முனையிலும் கிளாம்பிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். பூஜைப் பொட்டுக்கு பானெட் போதும்.

பத்தேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி ஒருவர், தன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாராம். கவிதா பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

“நேரம் போனாப் போகுதுன்னுட்டனுங்ண்ணா. முகூர்த்தம் இன்னொன்னு வரும். இன்னொரு அண்ணனுக்கு நான் எங்க போறது?”

உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். குத்தியதும் ஊரைக் கூட்டி அழுதாள், பிறகு என் சட்டையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். இரண்டு பந்தி முடிந்து இலை எடுத்தார்கள். நல்ல பசிதான், ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை.