மச்சாளின் ஃப்ரீசரில் ஒரு பாண்டாப் பெட்டி

கனடாவுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை போத்தல் கழுவுவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோ நகரத்தின் நடுவே ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. என் கணவர் சொந்தக்காரர் எல்லோரிடமும் "அவ லாப்பில வேலை செய்யிறா" என்று மட்டும் சொல்லிவைத்தார். கேட்டவர்கள் வெள்ளைக் கோட்டு, ஊசி, இரத்தம் என்று மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். கோயிலில் ஒரு அன்ரி தன் முழங்கால் நோவுக்கு என்னிடம் மருந்து கேட்டார். நான் கழுவிய போத்தல்களுக்குள் என்ன இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

அவற்றுக்குள் இருந்தது பாண்டாக் கரடியின் சாணம்.

அந்த ஆய்வுகூடத்தில் சீனாவில் இருந்து வந்த ஒரு மாணவி கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஏறக்குறைய என் வயது. வேறு நாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் இருந்து அவளுக்குப் பெட்டி வரும். திறந்தால் வெண்புகை விடும் உலர்பனி, அதற்கு நடுவே பைகள். முதல் நாள் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துவிட்டு ஒரு துண்டை இளகவிட்டு என் முன்னால் நீட்டினாள். மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் மணம், அதோடு கொஞ்சம் பச்சைத் தேயிலை. இரண்டு முனையும் கூராக, நடுவில் பருத்து, பெரிய வற்றாளைக்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி, போல இருந்தது. உடைத்துக் காட்டினாள். மூங்கில் சிராய்கள் உள்ளே போனபடியே வெளியே வந்திருந்தன.

"பார்த்தாயா? தின்றதில் பெரும்பங்கு வீண். அதனால்தான் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கிறது" என்றாள்.

எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் புதிது. அதனால் அவள் எதையும் சுற்றி வளைக்காமல் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லித் தருவாள். பாண்டா கரடி இனம். அதன் குடல் இறைச்சி தின்னும் மிருகத்தின் குடல், கட்டையானது. மாட்டுக்குப் போல நாலு அறை வயிறு அதற்குக் கிடையாது. மாடுகூடத் தன் பாட்டில் நாரைச் செமிப்பதில்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுக்கின்றன. அப்படி யாராவது பாண்டாவின் குடலிலும் குடியிருக்கிறார்களா? அதுதான் அவளுடைய கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க அவள் வைத்திருந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காற்றுப் புகாத போத்தலுக்குள் சத்துநீர், அதற்குள் ஒரு வடிதாள் துண்டு, அதோடு கொஞ்சம் சாணம். தாளும் நார்தானே. நாரை உடைக்கும் உயிர்கள் இருந்தால் தாள் கரையும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டு வயிற்று நீர் விட்ட போத்தல். மாட்டுப் போத்தலைக் கழுவ எடுக்கும்போது தாள் கஞ்சியாகிக் கிடக்கும். பாண்டாப் போத்தலில் அது நேற்று வெட்டி வைத்தது போல விறைத்துக்கொண்டு நிற்கும். வாரக்கணக்காக, மாதக்கணக்காக அப்படியே நின்றது. தாளை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போடுகிறவள் நான் என்பதால், அவளுடைய முகம் வாடப்போவதை அவளுக்கு முன்னமே அறிந்துவிடுவேன்.

அந்த நாட்களில் நாங்கள் ரொறன்ரோவின் ஓரத்தில், அஜின்கோர்ட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், கணவர், கணவரின் அக்கா. அவரை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். தீவுப்பகுதியில் பிறந்து மீனோடு வளர்ந்த மனுசி. போர் நாட்களில் ஊரில் என் கணவரைப் பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்காகத் தடுத்து வைத்திருந்தபோது, தம்பி உயிரோடு வந்தால் இனி மீன், இறைச்சி என்று மச்சமே தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். தம்பி வந்தார். அன்றில் இருந்து மச்சாளுக்கு மரக்கறிதான். வீட்டில் நிலவறை ஃப்ரீசர் ஆட்டிறைச்சிக்கும் மீனுக்கும். மேலே குசினி ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் மச்சாளுக்கு மட்டும் உரியது: துருவிய தேங்காய்ப்பூ, முருங்கையிலை, பயற்றங்காய். அங்கே ஒரு றால் ஓடு பட்டாலும் தொலைந்தோம்.

ஒரு கோடை விடுமுறை வார இறுதிக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்து ஃப்ரீசர் செத்துப்போனது. திருத்துகிறவர்கள் செவ்வாய்க்கிழமைதான் வருவோம் என்றார்கள். பேராசிரியர் ஊரில் இல்லை. பக்கத்து ஆய்வுகூடத்தில் கெஞ்சிப் பாதி இடம் வாங்கினோம். ஒரு பெட்டி மிஞ்சிவிட்டது. இனிமேல் அனுப்ப முடியாது என்று மிருகக்காட்சிசாலை சொல்லிவிட்ட கடைசிப் பெட்டி. அவள் இருந்த ஒற்றை அறையில் ஃபிரிட்ஜே முழங்கால் உயரம்தான். படிக்கட்டில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.

"எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் வேலை போய்விடும். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சப்வேயில் போய், பிறகு பஸ் பிடித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தமிழ் அங்கிள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன பிள்ளை, மீனோ?"

"ஓம் அங்கிள்."

"எந்தக் கடையில மலிவு?"

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு தரிப்பு முந்தியே இறங்கி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து நிலவறை ஃப்ரீசரைத் திறந்தால் கை வைக்க இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. கணவர் அரை ஆடும் இரண்டு பெட்டி நண்டும் வாங்கி மூடி மூட முடியாதபடி நிரப்பி வைத்திருந்தார். என் பெட்டிக்குள் பனி இளகிக்கொண்டிருந்தது. மச்சாள் வேலையால் வர இன்னும் நேரம் இருந்தது. பெட்டியில் இருந்த பைகளை எடுத்து, மேலும் இரண்டு பைக்குள் போட்டு, ஒட்டுநாடா சுற்றி, மேலே குசினியில் தேங்காய்ப்பூவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை சம்பலுக்குத் தேங்காய்ப்பூ எடுக்கப்போன மச்சாளின் குரல் கேட்டது.

"பிள்ளை, இஞ்ச ஒருக்கா வாரும். என்ன உது?"

"வேலைச் சாமான் மச்சாள். செவ்வாய்க்கிழமை கொண்டு போயிடுவன்."

"வேலைச் சாமான் எண்டால்? இரத்தமோ?"

"இரத்தம் இல்லை."

"பின்னை?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பஸ் அங்கிளிடம் வந்தது அவரிடம் வரவில்லை.

"பாண்டாக் கரடியின்ர சாணம்."

மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கணவருக்குப் புரைக்கேறியது. மச்சாள் பொதியைப் பார்த்தார். தேங்காய்ப்பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உமக்கு விசரே? மாட்டுச் சாணம் எண்டாலும் ஒரு கதை. கரடிச் சாணத்தை ஆரும் வீட்டுக்குள்ள வைப்பினமோ?"

"அக்கா, நான் அதைக் கொண்டுபோய் வெளியில..." என்று கணவர் எழும்பினார்.

"நீ பேசாமல் இரு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தனை நாளும் என்ன கழுவினேன் என்பதை, அந்தப் பெண் தனியாக இந்த ஊரில் இருப்பதை, அவள் படிக்கட்டில் இருந்து அழுததை, இந்தப் பொதி இளகினால் அவளுடைய மூன்று வருடப் படிப்பும் போய்விடும் என்பதை. மச்சாள் ஃப்ரீசர் கதவைப் பிடித்தபடியே கேட்டார். குளிர் புகை அவருடைய கைக்கு மேலால் இறங்கியது.

"உது என்ன தின்னும்?"

"மூங்கில்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை மச்சாள். நாள் முழுக்க மூங்கில்தான்."

"மீன் தின்னாதோ?"

"இல்லை."

"இறைச்சி?"

"இல்லை."

பொதியை எடுத்து ஒருதரம் புரட்டிப் பார்த்தார். "அப்ப சைவம்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்ப்பூவையும் மரக்கறியையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, பொதிக்குப் பத்திரிகைத் தாள் சுற்றி, மற்றப் பக்கத்தில் தன் கையாலேயே வைத்தார். "செவ்வாய்க்கிழமை காலமை இது இதுக்குள்ள இருக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவர்கள் ஐஸ் எடுக்க அந்தக் கதவைத் தொட்டபோதெல்லாம் மச்சாள் முன்னால் போய் நின்றார். "அதைத் திறக்காதேங்கோ. பிள்ளையின்ர வேலைச் சாமான் இருக்கு" என்றார். குரலில் இருந்தது பெருமைதான் என்று எனக்குப் பட்டது. அன்றைக்கு மட்டும் மூன்று பேர் என்னிடம் மருந்து கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பொதியைத் தட்டிப் பார்த்த மாணவி, கல்லுப் போல இருக்கிறது என்று துள்ளினாள். அடுத்த ஞாயிறு நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தாள். அஜின்கோர்ட்டில் சீனக் கடைகளுக்குக் குறைவா? வரும் வழியில் ஒரு கடையில் மூங்கில் குருத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மச்சாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படி அவிக்க வேண்டும் என்று அவள் கையால் காட்ட, அவித்து, பச்சை மிளகாய் போட்டுப் பால்கறி வைத்தார். இருவரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே அடுப்படியில் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள்.

சாப்பிடும்போது மச்சாள் கேட்டார்: "அந்தக் கரடியின்ர வயித்துக்குள்ள ஆக்கள் இருக்கினமோ எண்டு கேளும்."

நான் மொழிபெயர்த்தேன். மாணவி கரண்டியை வைத்துவிட்டு, ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் நாரை உடைக்கிற ஆட்களை இதுவரைக்கும் தன்னால் பிடிக்க முடியவில்லை என்றாள். இருப்பவர்களைப் பார்த்தால் மாட்டினுடையதை விட இறைச்சி தின்னும் மிருகத்தின் குடல் போலத்தான் இருக்கிறது என்றாள். பிறகு, என்ன நினைத்தாளோ, காட்டில் செத்த மிருகம் எதுவும் அகப்பட்டால் பாண்டா அதையும் தின்னும் என்று சேர்த்துச் சொன்னாள்.

அந்தக் கடைசி வசனத்தை விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். கணவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆனால் மச்சாள் காத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அடி பாவி! இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் பொதியைத் தூக்கி வெளியில எறிஞ்சிருப்பன்!"

மாணவி பயந்துபோனாள். மச்சாள் சிரித்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. சிரித்து முடிந்ததும் மச்சாள் இன்னொரு கரண்டி கறி அவளுக்குப் போட்டபடி, எங்கள் எவரையும் பாராமல் சொன்னார்:

"பாவம் அது. எனக்கும் நேர்ந்துகொண்ட முதல் வருசம் எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கேல்லை. ராசவள்ளி, மரவள்ளி எண்டு சட்டி சட்டியாத் திண்டன். பக்கத்து வீட்டில மீன் பொரிச்சால் கதவைச் சாத்திப்போட்டு இருப்பன்."

கணவர் தலை குனிந்துகொண்டார். அவருக்காகத்தான் அக்கா மச்சம் விட்டவர் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பசியைப் பற்றித் தெரியாது. அதுவரைக்கும் மச்சாள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"இப்ப எப்பிடி அக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"இப்பவோ? இப்பவும் பசிக்குது. அதுக்கென்ன, சோறு இருக்குத்தானே. கறியை இஞ்சால தள்ளு."

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மாணவி அடிக்கடி வந்தாள். என்னைப் போத்தல் கழுவுவதோடு விடாமல் சத்துநீர் தயாரிக்கப் பழக்கினாள். அவளுடைய உற்சாகத்தில் நான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிற்காலத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்தது அதனால்தான். அவளுடைய தாள் துண்டுகள் கடைசிவரைக்கும் கரையவில்லை. தேடியது கிடைக்கவில்லை என்பதையே எழுதலாமா என்று பல நாள் குழம்பிவிட்டு, அதையே எழுதினாள்.

பரீட்சகர்கள் முன்னால் அவள் தன் ஆய்வை வாய்மொழியாக விளக்கும் நாள் வந்தபோது மச்சாள் விடிய எழும்பிக் கடலை வடை சுட்டு என்னிடம் தந்துவிட்டார். அறைக்கு வெளியே வடைப் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் வெளியே வந்தவர் நரைத்த தாடி வைத்த பரீட்சகர் ஒருவர். அவள் பாஸோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, "போய் உன் தோழியைக் கட்டிப்பிடி" என்றார்.