காற்றாய் வரும் குரல்

யுத்த பயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் மயிலாப்பூரில் தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு, நொச்சிக்குப்பம் வழியாக நடக்கிறேன். கழுத்துக் கட்டியை அறுத்தபோது குரல் நரம்பு செயலிழந்துவிட்டதாம். இனி என் பேச்சில் பாதி காற்றுத்தான் வருமாம். கும்பகோணத்தில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் நான்.

சாலையோரம் வஞ்சிரம் விற்கும் பெண்ணிடம், "டிராம் எங்கே நிற்கும் அம்மா?" என்று கேட்கிறேன்.

அவள் முகம் கடுகடுக்கிறது. "இன்னா சாமி, என்னாட்டமே பேசிக் காட்றியா?"

அவள் குரலும் வெறும் காற்றாகத்தான் வருகிறது. பதறிப்போய் கழுத்துத் துண்டை விலக்கித் தழும்பைக் காட்டுகிறேன். "எனக்கும் அப்படித்தான் அம்மா. மூணு மாசமா."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பிறகு கூடையை நகர்த்தி, உட்கார இடம் தருகிறாள். மீன் கூவிக் கூவியே தன் தொண்டை போயிற்று என்கிறாள்.

"அப்புறம் எப்படி விக்கிறீங்க?"

"தூரத்துல போறவங்களுக்குக் கேக்காது சாமி. கிட்ட வர்றவங்க கேட்டு வாங்கிக்கினுதான் கீறாங்க."

டிராம் போனால் போகட்டும். மனைவியிடம்கூடச் சைகையிலேயே பேசிவந்த நான், மணலில் உட்கார்ந்து என் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தையும் தவறாமல், அவள் குனிந்து கேட்கிறாள்.