சாம்பிராணிக் கூடை

என் தம்பிக்குப் பதிலாக எனக்கு ஒரு பாலைவனப் பல்லி கிடைத்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரசவத்துக்காக ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, ஒரு வாரம் கழித்து வெறுங்கையோடு வேனிலிருந்து இறங்கினாள். பின்னால் வந்த அப்பாவின் கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. தம்பி சாமியிடம் போய்விட்டான் என்று சொல்லிவிட்டு, பெட்டியை என்னிடம் நீட்டினார். எனக்கு அது நல்ல பேரமாகவே பட்டது. தம்பி அழுவான், பல்லி அழாது.

அந்த வாரத்தின் நடுவில் அப்பா ஒரு நாள் மட்டும் எஸ்டேட்டுக்கு வந்திருந்தார். பெரியப்பாவோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மண்வெட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது. கொல்லையில் துணிக்கொடிக் கம்பம் சாய்ந்து ரொம்ப நாளாகியிருந்ததால், அதை நட்டு நிறுத்தக் குழி தோண்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எஸ்டேட்டின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெற்றவளாக இருந்தாலும் போவதில்லை.

பல்லி ஒரு சாண் நீளம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வால் மட்டும் பிஞ்சுக் கத்திரிக்காய்போல் தடித்திருக்கும். எங்கள் மலைக் குளிர் அதற்கு ஆகாது என்று, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா பெட்டிக்குள் ஒரு மஞ்சள் பல்பு பொருத்தித் தந்தார்.

அம்மா பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்தே கிடந்தாள். அப்பா கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் வாங்கி வருவார். அம்மா இலைகளை உரித்துக்கொண்டு அறைக்குள் போவாள். பால் கட்டிய மார்புக்கு அது மருந்து என்று எனக்கு யார் சொல்வார்கள்? தினமும் முட்டைக்கோஸ் வருகிறதே, பொரியல் மட்டும் வரக் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் அம்மா பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ண மூடித் தூங்குது பாருங்க. பல்லி கண்ண மூடுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"இது பாலைவனத்துப் பல்லிலா. மண்ணு விழும்ல, அதான் இமை இருக்கு."

அன்றிலிருந்து அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தாள். வெட்டுக்கிளி பிடித்துத் தருவது என் வேலை, ஊட்டுவது அவள் வேலை. "என்ன சாமி, குளிருதா?" என்று அதனிடம் பேசுவாள். என்னிடம் பேசியதைவிட அதிகமாகப் பேசினாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைத் தானா ராத்தா டவுனுக்கு டாக்டரிடம் காட்ட அப்பா கூட்டிப் போனார். மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. பல்பு அணைந்த பெட்டிக்குள் பல்லி மெல்ல மெல்ல அசையாமல் போனது. தொட்டால் சில்லென்றிருந்தது. தம்பிக்காக அப்பா வாங்கி வைத்த மூங்கில் கூடை பரண்மேல் இருந்தது. எங்கள் லயத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சட்டியில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து அதன் சூட்டில் பிள்ளையைக் காட்டுவார்கள். அப்படிக் காட்டிய எந்தக் குழந்தையும் குளிர் தாங்காமல் போனதாக நான் கேட்டதில்லை. வெந்நீர் அடுப்பிலிருந்து தணலை அள்ளினேன். காட்டினால் போதாது, உள்ளேயே வைத்தால் சீக்கிரம் சூடேறும் என்று பல்லியைத் துணியில் சுற்றிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கூடையால் மூடினேன். சாம்பிராணியையும் தாராளமாகப் போட்டேன். அது குளிரில் சாகவில்லை, என் புகையில்தான் செத்தது.

அவர்கள் வந்தபோது வீடு முழுக்கப் பிள்ளை பெற்ற வீட்டு வாசம். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"குளிருச்சும்மா, அதான்" என்றேன். அடி விழும் என்று கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நீ நல்லதுதான் பாப்பா செஞ்ச" என்றாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்பா மண்வெட்டியை எடுத்தார். "குடு, நான் பொதச்சிட்டு வரேன்."

"வேணாம். இத நான்தான் பொதைப்பேன்."

பீரோவிலிருந்து வாத்துப் படம் போட்ட புதுத் துணியை எடுத்துப் பல்லியைச் சுற்றினாள். தம்பிக்காக வாங்கிய துணி அது. கொல்லையில் சௌசௌப் பந்தலுக்குக் கீழே போய் நின்று, மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் அவளுக்குக் குடை பிடித்தேன்.

"அன்னிக்கு எவ்ளோ ஆழம் தோண்டுனீங்க?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா குனிந்து தன் முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "கொடிக் கம்பத்துக்குத்தானேம்மா? அப்பா நல்லா ஆழமாத்தான் தோண்டியிருப்பாரு" என்றேன். கம்பம் எங்களுக்குப் பின்னால் சாய்ந்தபடியேதான் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா தோண்டினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு சாண் பல்லிக்குக் குழி எப்போதோ போதுமானதாகிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. குடை பிடித்த கை எனக்கு வலிக்க ஆரம்பித்தது.

"போதும்மா. பல்லிக்கு இது போதும்" என்றேன்.

அம்மா குழிக்குள் இறங்கி நின்று பார்த்தாள். முழங்காலுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. மேலே ஏறி மறுபடியும் தோண்டினாள்.