பதினேழாம் நம்பர் கூடு

நியூ ஹார்டன்பர்க் டவுன்ஷிப்பில் ஆர்லன் ஸைல்ஸ்ட்ராவைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஆள் கிடையாது. நல்லதாகச் சொல்லவும் யாருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றால் எதையாவது அளக்க ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். ஐம்பத்தாறு வயது. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் நூலிழையையும் அளக்கும் வெர்னியர் காலிப்பர் வைத்திருப்பார். மகள் கல்யாணத்தில் கேக் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக அவருக்குச் சந்தேகம் வந்து, அது உண்மைதான் என்று எல்லோருக்கும் முன்னால் நிரூபித்துக் காட்டியவர்.

எங்கள் ஊர் வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பது வழக்கம். ஆர்லன் வீட்டிலும் உண்டு. அது முடிந்த கையோடு அவர் வேட்டை விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பார். மனைவி லவோன் இருபத்தெட்டு வருடமாக இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆமென் சொல்லிவருகிறாள்.

தென்பாதி மிச்சிகனில் அந்தப் புத்தகம் சுவாரசியமானதுதான். நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. தொலைதூரம் பறக்கும் ரைபிள் குண்டு மானைத் தவறவிட்டால் அடுத்த பண்ணைக்காரரின் சமையலறையில் போய்த்தான் இளைப்பாறும். ஆகவே பாட்டில்போல் கழுத்தும் தோளும் வைத்த நெடுந்தூரத் தோட்டாக்களுக்கு இங்கே இடமில்லை. டவுன்ஷிப் கவுன்சிலர்களைப் போல மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக, இடுப்பு மெலியாமல் இருக்கும் பித்தளைத் தோட்டாக் கூடுகளுக்கு மட்டுமே அனுமதி. கூட்டின் நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 1.80 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த புதிய தோட்டா ஒன்று, பக்கத்து வயல்காரனின் வரப்பு வரைக்கும் உழுகிறவனைப் போல, சரியாக 1.80-இல் வந்து நின்றது. கடையில் வாங்கிச் சுட்டால் வம்பில்லை. வாங்கிச் சுட்ட கூட்டை வீசாமல், அதிலேயே மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துச் சுடுகிற கைவேலைக்காரர்களுக்குத்தான் வம்பு. ஒவ்வொரு முறையும் பித்தளை கொஞ்சம் நீளும். நீண்டதைச் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால், காலையில் வேட்டைக்காரனாகப் புறப்பட்டவன் சாயங்காலம் குற்றவாளியாகத் திரும்புவான்.

இந்த ஆபத்தை ஊருக்கு எடுத்துச் சொன்னவரே ஆர்லன்தான். நவம்பர் பதினைந்து, சீசனின் முதல் நாள், தீயணைப்பு நிலையத்து வாசலில் மான் கம்பம் நடுவார்கள். அன்று கொம்பனை, அதாவது கொம்புள்ள ஆண் மானை, வீழ்த்தியவர்கள் மாலை ஆறு மணிக்குள் கொண்டுவந்து தொங்கவிட வேண்டும். பெயர் பலகையில் ஏறும், பலகை நிலையத்துக்குள் ஏறும், பேரப்பிள்ளைகள் காலம்வரை அங்கேயே இருக்கும். புதிய தோட்டா வந்த வருடமே ஆர்லன் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: மானோடு சுட்ட கூட்டையும் கொண்டுவர வேண்டும், அளந்த பிறகே கயிறு. அளப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருடம் அவர் அளந்து வெளியேற்றிய முதல் மனிதர், லவோனின் அண்ணன் ஹார்வ் டைக்ஹௌஸ். ஹார்வ் வீடுகளுக்குச் சூட்டடுப்பு பொருத்துகிறவர். எட்டுக் கிளைக் கொம்பனோடு வந்தார். கூடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல். மானைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார் ஆர்லன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு குடும்பமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பட்டாணி சூப்பிடம் மட்டும் பேசின.

இதில் ஆர்லனைப் பற்றிய ஒரு துக்கச் செய்தியையும் சொல்ல வேண்டும். முப்பத்தொரு சீசன் போயும் அவர் ஒரு கொம்பனைக்கூடக் கம்பத்தில் தொங்கவிட்டதில்லை. பெண் மான்கள் கிடைத்தன. ஒருமுறை கொம்பா காதா என்று விவாதத்துக்குரிய ஒன்று கிடைத்தது. பலகையில் மட்டும் அவர் பெயர் இல்லை. அடுத்தவர் மான்களை அளந்தே வயதாகிவிட்டது.

இந்த வருடம் காலை ஏழு நாற்பதுக்கு, சோளத் தாள் வயலின் ஓரத்தில், பதினொரு கிளைக் கொம்பன் ஒன்று புதரை விட்டு வெளியே வந்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் பக்கவாட்டில் நின்றது. ஆர்லன் சுட்டார். அது நான்கடி நடந்து விழுந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு விதிப்படி உரிமச் சீட்டைக் கொம்பில் கட்டினார்.

பதினொரு மணிக்குத் தன் பட்டறையில் விறகடுப்புப் பக்கத்தில் நின்று, ஒரு சடங்குக்காகத்தான், கூட்டை எடுத்து அளந்தார்.

1.801.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தார். காலிப்பரைத் துடைத்துவிட்டு அளந்தார். கூட்டின் அடியில் அவரே மையால் எழுதிய எண்: பதினேழு. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். இருபது கூடுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, சீவிய நாளும் சீவிய பின் நீளமும். பதினேழுக்கு எதிரே காலி. அக்டோபர் ஒன்பதாம் தேதி, பதினாறாவதைச் சீவி முடித்தபோது சூப் ஆறுகிறது என்று லவோன் கூப்பிட்டாள். சாப்பிட்டார், வாசித்தார், திரும்பி வந்து பதினெட்டாவதில் ஆரம்பித்தார். அவ்வளவுதான் நடந்தது.

லவோன் வந்து பார்த்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் இருந்த பித்தளையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"ஏன், என்ன ஆச்சு? மான் எழுந்து ஓடிப்போச்சா?"

"ஆயிரத்துல ஒண்ணு கூட இருக்கு."

"எதுல?"

"கூட்டுல."

லவோன் குனிந்து கூட்டைப் பார்த்தாள். "ஆயிரத்துல ஒண்ணுன்னா எவ்வளவு? தலைமுடி அளவா?"

"தலைமுடியில மூணுல ஒரு பங்கு."

"அதுக்கா இப்படி உக்காந்திருக்க? எங்க அண்ணன் போன வருஷம் இதுக்காகத்தான் எங்கூடப் பேசாம இருந்தான்?"

"அதேதான்," என்றார் ஆர்லன். அவருக்கே அப்போதுதான் அந்த முடியின் பருமன் உறைத்தது.

மத்தியானம் சாப்பிடவில்லை. ஒன்றரை மணிக்குச் சட்டவிரோத வேட்டையைப் பற்றிப் புகார் கொடுக்கும் எண்ணுக்கு போன் செய்தார்.

"யார் மேல புகாருங்க?" என்றது மறுமுனையில் ஒரு பெண் குரல்.

"ஆர்லன் ஸைல்ஸ்ட்ரா."

"அவர் இப்ப எங்க இருக்காரு? ஓடிட்டாரா?"

"இல்லீங்க. இங்கதான் உக்காந்திருக்காரு."

"பக்கத்துல போகாதீங்க. கையில ஏதாவது வச்சிருக்காரா?"

"காலிப்பர் வச்சிருக்காரு."

"நீங்க யாரு சார் பேசறது?"

"ஆர்லன் ஸைல்ஸ்ட்ரா."

மறுமுனையில் யாரோ யாரையோ கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லும் சத்தம் கேட்டது.

வேட்டைக் காவலர் ஆபீசர் நதீன் கோவாக் வருவதற்குள் மணி மூன்றே முக்கால். அவருக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. வாசலில் ஏழு வண்டிகள். எட்டாவதாக ஹார்வ் டைக்ஹௌஸ் வந்தார். பட்டறைக்குள் நுழையும்போதே இரண்டு கையையும் விரித்து, இடுப்பை ஆட்டி, நாற்பது வருடமாக அவர் சபையில் யாரும் பார்த்திராத ஒரு நடனத்தை ஆடிக்கொண்டு வந்தார்.

"மச்சான்! கேள்விப்பட்டேன் மச்சான்! இன்னிக்கு எனக்குக் கிறிஸ்துமஸ்!"

"ஆடி முடிச்சுட்டு உக்காரு," என்றார் ஆர்லன்.

"பத்தொம்பது கூடு சரியா இருக்குல்ல? அதுல ஒண்ண எடுத்துக் காட்டிட்டுப் போயிருக்கலாம்ல? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அதான் உங்கூடப் பெரிய ரோதனை. உனக்கு எப்பவும் தெரிஞ்சு தொலைக்குது."

ஆபீசர் கோவாக் உரிமத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். எல்லாம் சுத்தம். "கூடு எங்கே?" என்றார். ஆர்லன் அடுப்புக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். ஹார்வ்தான் கை நீட்டி எடுத்தார், எடுத்த வேகத்தில் போட்டார்.

"சுடுது!"

ஹார்வ் மறுபடி எடுத்தார், உள்ளங்கையில் உருட்டினார். அவர் முகத்தில் ஆட்டம் நின்று கணக்கு ஆரம்பித்தது. சூட்டடுப்புக் குழாய் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நீளும் என்பதில் முப்பது வருடப் பழக்கம்.

"மச்சான், இத எங்க வச்சு அளந்த?"

"இங்கதான்."

"அடுப்புப் பக்கத்துல. பித்தளைய. சுட்ட இடத்துல என்ன குளிரு?"

"மைனஸ் எட்டு."

"அப்போ சூட்டுல நீண்டதுய்யா இது! ஆயிரத்துல ஒண்ணு தாராளமா நீளும்!" சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ... போன வருஷம் என் கூட்டை வண்டியில ஹீட்டர் மேல வச்சுல்ல எடுத்துட்டு வந்தேன்!"

பதினைந்து பேர் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஹார்வ் ஆபீசரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு முன்பு மச்சானின் வீழ்ச்சிக்கு ஆடியவர், இப்போது மச்சானின் வக்கீல். மச்சான் ஜெயித்தால் தானும் போன வருடத்துக்கு ஜெயித்த மாதிரி.

"அம்மா, சட்டத்துல நீளம் எந்தச் சூட்டுலன்னு போட்டிருக்கா?"

ஆபீசர் புத்தகத்தைப் புரட்டினார். ஆர்லன் புரட்டாமலே சொன்னார்: "போடல."

ஆபீசர் கோவாக் அன்று காலையிலிருந்து பதினோரு புகார்களைப் பார்த்தவர். அதில் ஒன்றிலாவது குற்றவாளி இப்படிக் காபி கொடுத்ததில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பு சொன்னார்.

"சட்டம் மான் விழுந்த இடத்துல. உங்க அடுப்புப் பக்கத்துல இல்ல. அங்க போய் அளப்போம்."

ஒன்பது வண்டிகள் வரிசையாக வயலுக்குப் போயின. முதல் வண்டியில் ஆபீசர். இரண்டாவதின் பின்தட்டில் தார்ப்பாய் போர்த்திய கொம்பன், முன்னால் லவோன் மடியில் ஒரு காபிக் கோப்பை, அதில் பனி, பனிக்குள் பதினேழாம் நம்பர் கூடு. பார்த்தவர்கள் யாரோ செத்துப்போனதாக நினைத்து வண்டியை ஓரங்கட்டினார்கள். கசாப்புக் கடைக்கார வில்லெம் இவர்கள் ஏன் போகிறார்கள் என்றே தெரியாமல் பத்தாவதாகச் சேர்ந்துகொண்டார்.

மான் விழுந்த இடத்தில் பனியில் இன்னும் சிவப்பு இருந்தது. ஆபீசர் கூட்டை எடுத்து அங்கேயே நட்டார். பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். பத்து நிமிடமும் முப்பது பேர் ஒரு பித்தளைத் துண்டைச் சுற்றி, தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஏன் கழற்றினோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

ஹார்வ் குனிந்து கூட்டிடம் கிசுகிசுத்தார்: "சுருங்கு, செல்லம். சுருங்கு."

"ஹார்வ், அதுகிட்டப் பேசாத," என்றாள் லவோன்.

"ஏன், கேட்டுருமா?"

மணி ஐந்தேகால். வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கம்பத்துக்குப் போக இருபது நிமிடம் வேண்டும். ஆர்லன் முகம் வெளிறி நின்றார். முப்பத்தொரு வருடம் வராத கொம்பன், ஒரு மயிரிழையில் மூன்றிலொரு பங்குக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். அங்கே அவருடைய காலிப்பர் இருந்தது. அதைத் தொடவில்லை.

ஆபீசர் கோவாக் கோட்டுக்கு உள்ளே, கம்பளிச் சட்டைக்கும் உள்ளே கைவிட்டுத் தன்னுடைய காலிப்பரை எடுத்தார். கையுறை போட்ட விரலால் கூட்டைத் தூக்கி இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்தார். டார்ச் அடித்தார். திருப்பி வைத்து அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார்.

"1.800," என்றார். "இதுவரைக்கும் செல்லும். தாண்டினாத்தான் குத்தம். தாண்டல."

எழுந்த கூச்சலில் அந்த வட்டாரத்தில் அன்று உயிர் பிழைத்திருந்த மான்கள் எல்லாம் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும். ஹார்வ் ஆபீசரைக் கட்டிப்பிடித்தார், மன்னிப்புக் கேட்டார், மறுபடி கட்டிப்பிடித்தார். வில்லெம் யாரையோ தூக்கிச் சுற்றிக்கொண்டே யாருக்குப் பிரசவம் என்று கேட்டார்.

வண்டிகள் தீயணைப்பு நிலையத்துக்குப் பறந்தன. சரியான வேகத்தில்தான், ஆர்லன் முன்னால் ஓட்டியதால். ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பதினொரு கிளைக் கொம்பனின் கொம்பில் கயிறு விழுந்தது. ஆறு பேர் இழுத்தார்கள். மான் மெல்ல மேலே போயிற்று. தேவாலயப் பெண்கள் பாதாம் விழுது அடைத்த பாங்கெட் ரொட்டியைத் தட்டுகளில் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பலகையின் அருகே பெயிண்ட் தூரிகையோடு நின்று, ஸைல்ஸ்ட்ராவை எப்படி எழுதுவது என்று கேட்டார்.

அந்த நொடியில் ஆர்லனின் முகம் மாறியதை லவோன் மட்டும் பார்த்தாள். இருபத்தெட்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த முகம். கேக் சாய்ந்திருந்த அன்று வந்த அதே முகம்.

"ஆபீசர்," என்றார் ஆர்லன். "ஒரு நிமிஷம். கூடு குளிர்ல இருந்துச்சு, சரி. ஆனா உங்க காலிப்பரு சட்டைக்குள்ள இருந்துச்சே. கதகதன்னு. சூடான காலிப்பரால அளந்தா நீளம் கம்மியாத்தானே—"

லவோன் பக்கத்துத் தட்டிலிருந்து நான்கு விரல் நீளப் பாங்கெட்டை எடுத்து, அப்படியே முழுசாக அவர் வாய்க்குள் திணித்தாள்.

"மெல்லு," என்றாள்.

ஆபீசர் கோவாக் திரும்பிப் பார்த்தார். "ஏதாவது சொன்னீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்காரு," என்றாள் லவோன். ஹார்வ் இரண்டாவது துண்டோடு தயாராக மச்சானின் மறுபக்கம் வந்து நின்றார்.

ஆர்லன் மென்றார். மேலே விளக்கு வெளிச்சத்தில் அவருடைய கொம்பன் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பலகையில் அவர் பெயரின் முதல் எழுத்து ஏறியது. வாயில் உணவோடு பேசுவது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. ஆர்லன் மரியாதைக்காரர். அந்த ஒரே ஒரு துண்டு ரொட்டியை அவர், கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், ஆறு மணி அடிக்கும்வரை மென்றுகொண்டே நின்றார்.