மாப்பிள்ளையும் கோன்களும்

என் தங்கையின் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், முதல் வார்த்தையிலேயே எனக்கு இருமல் வந்துவிடும். இருந்தாலும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில், புகார் கவுண்டரில் அவர் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் முகம். மெஷின் குதிக்கிறது, ஒழுகுகிறது, சட்டையைக் கிழிக்கிறது என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவரிடம் இருப்பது ஒரே பதில்தான். “மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. நீங்க பயன்படுத்துற விதம் சரியில்ல.” ஒருமுறை என் வீட்டு மெஷினுக்காக நானே அந்த வரிசையில் நின்றேன். மச்சான் என்றுகூடப் பார்க்காமல் அதே வாக்கியத்தை ஓட்டை வழியாக நீட்டினார். அன்றிலிருந்துதான் எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னாலும் பிடிக்காது.

நாற்பத்து மூன்று வயதில் அவருக்கு வேகப் பித்துப் பிடித்தது. வீட்டில் நீளமாக, அகலமாக, சொன்ன பேச்சு கேட்கிற கார் ஒன்று இருந்தது. என் தங்கை திரைச்சீலை தைத்து வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கிறவள். எட்டடிக் கம்பிகள், மடக்கு ஏணி, துணி மூட்டை எல்லாம் அந்தக் காரில் சௌகரியமாகப் படுத்துக்கொண்டு போகும். அதை விற்றுத் தள்ளிவிட்டு இவர் ஒரு சிவப்பு ஹேட்ச்பேக்கோடு வாசலில் வந்து நின்றார். சின்ன உடம்புக்குள் பெரிய எஞ்சினை அடைத்து வைத்திருக்கிற ரகம். ஆள் ஏற இரண்டே கதவு. சாயங்காலம் மாப்பிள்ளை வேலை முடிந்து திரும்புவது தெருக்கோடி வரை கேட்கும். சத்தம்தான் அப்படி, கார் என்னவோ சைக்கிள் வேகத்தில்தான் வரும்.

அந்தக் காரை எங்கே ஓட்டுவது? அதற்கும் இடம் கண்டுபிடித்தார். அதுவும் நான் இருக்கிற இடமாகப் பார்த்து.

மூடிக்கிடக்கும் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோகிராஸ் நடக்கும். சாலையில் பள்ளம் தோண்டும்போது வைப்பார்களே, அந்த ஆரஞ்சு நிறக் கோன்களைத் தார்த் தரையில் வைத்து, வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. ஆளுக்கு நாலு ஓட்டம். ஒரு கோனை இடித்தால் இரண்டு விநாடி கூடும். புதிதாக வருகிறவர்களின் கார்க் கதவில் ‘கத்துக்குட்டி’ என்று மஞ்சள் காகிதம் ஒட்டிவிடுவார்கள். ஐம்பது விநாடிக்குள் ஒரே ஒரு ஓட்டத்தை முடித்துவிட்டால் எல்லார் முன்னாலும் அதைக் கிழித்துப் போடலாம். மற்றவர்கள் இரண்டாவது மாதமே கிழித்துவிடுவார்கள்.

நான் டயர் கடைக்காரன். அங்கே பல வருடமாகக் கொடி பிடிக்கிறேன். விழுந்த கோனை நிமிர்த்துவதும், இடித்திருந்தால் சிவப்புக் கொடியைத் தூக்கிச் சொல்வதும் என் வேலை. அதில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு கோனைச் சுற்றியும் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்திருக்கும். கோன் விழுந்தாலோ, கட்டத்தை விட்டு முழுசாக வெளியே போனாலோதான் தண்டனை. நின்றபடியே நகர்ந்து, அதன் அடி கோட்டை நூலளவு தொட்டுக்கொண்டிருந்தாலும் இடித்ததாகாது. பார்த்துச் சொல்வது பக்கத்தில் நிற்கும் கொடிக்காரன். அவன் சொன்னால் சொன்னதுதான்.

முதல் ஞாயிறு, ஓட்டத்துக்கு முன் எல்லாரும் பாதையை நடந்து பார்த்து மனதில் பதித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் நடந்தார், எஞ்சினின் அருமை பெருமைகளை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டே. பிறகு காரில் ஏறினார். மூன்றாவது வளைவிலேயே வழி தப்பி, கடை நடந்த காலத்தில் தள்ளுவண்டி நிறுத்திய மூலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அடுத்த ஓட்டத்தில் ஒரு கோன் காரின் அடியில் சிக்கி, முடிகிற கோடு வரை கூடவே வந்தது. நல்ல ஓட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது அறுபத்து மூன்று விநாடி. மதியத்துக்குள் அவருக்கு ‘கோன் எமன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“டயர் சரியில்ல மச்சான். பிடிப்பே இல்ல” என்றார்.

டயர் கடைக்காரனிடம் வந்து டயர் சரியில்லை என்கிறவரை நான் எதற்குத் தடுக்க வேண்டும்? நல்ல ரப்பராகப் பார்த்து நாலும் மாற்றி அனுப்பினேன்.

இரண்டாவது மாதம் ஐம்பத்தெட்டு. “சீட்டுல உடம்பு நிக்கல மச்சான். இடுப்பு ஆடுது, கை ஆடுது, கார் ஆடுது” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உடம்பைக் கவ்விப் பிடிக்கிற பந்தய சீட் இரண்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அதை மடக்க முடியாது. அதுவரை முன் சீட்டை மடக்கி எப்படியோ கம்பிகளைத் திணித்துக்கொண்டிருந்தவள் என் தங்கை. இப்போது கம்பி பாதி ஜன்னலுக்கு வெளியே, முனையில் ஒரு சிவப்புத் துணி. ஒரு நாள் சிக்னலில் அந்தக் கம்பி பக்கத்து ஸ்கூட்டர்காரரின் ஹெல்மெட்டைத் தட்டியது. அன்று சாயங்காலம் அவள் என் முன்னாலேயே சொன்னாள்.

“இன்னும் ரெண்டு போட்டி. அதுக்குள்ள அந்த மஞ்சக் காகிதம் கிழியணும். கிழியலைனா இந்தக் கார் போகணும், என் கம்பி படுக்கற மாதிரி ஒரு வண்டி வரணும்.”

“கண்டிப்பா” என்றார் மாப்பிள்ளை. முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது.

மூன்றாவது மாதம், அங்கே எல்லாரையும்விட வேகமாக ஓட்டுகிற பல் டாக்டரம்மா அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அந்த அம்மாவின் கார் பதினைந்து வருடப் பழசு, பின் சீட்டில் பிஸ்கட் தூள் கிடக்கும்.

“வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சிடுங்க. திருப்பிக்கிட்டே ஆக்சிலேட்டர மிதிச்சா, முன் சக்கரம் திரும்பவும் செய்யணும், இழுக்கவும் செய்யணும். ரெண்டும் முடியாம நேரா போயிடும்.”

“அது காரோட டிசைன் கோளாறு டாக்டர்.”

“அடுத்தது கண்ணு. இடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாதுன்னு கோனையே பாக்கறீங்க. எத பாக்கறீங்களோ, கை அங்கதான் போகும். அதுக்கு அடுத்தத பாருங்க.”

“பாக்கத்தான் செய்யறேன். இவங்கதான் ரொம்ப நெருக்கி வெச்சிருக்காங்க.”

டாக்டரம்மா இறங்கி என்னிடம் வந்தார். “வாயத் திறக்க வைக்கறதுதான் என் தொழில். மூட வைக்க எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மாப்பிள்ளைக்கு ஐம்பத்தைந்து.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை தங்கை வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்க டம்ளர்கள். இரண்டிரண்டாக, வளைத்து வளைத்து வைத்திருந்தது. நடுவில் மாப்பிள்ளை, சாப்பாட்டுத் தட்டு ஒன்றை ஸ்டீயரிங் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கிறார். “பிரேக்... விடு... அடுத்தது பாரு... திருப்பு... இப்ப மிதி” என்று வாய் முணுமுணுக்கிறது. முக்காலியில் உட்கார்ந்து என் தங்கை நேரம் பார்க்கிறாள். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன்.

“சிரிக்காதண்ணா. வீட்டுல தண்ணி குடிக்க ஒரு டம்ளர் இல்ல. ஆனா பத்து நாளா ஒண்ணு கூட உருளல” என்றாள்.

அவர் நிற்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண் கூடத்தின் கடைசி டம்ளரில் இருந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதன் கோமாளி என்றால் கடைசிவரை கோமாளியாக இருந்து தொலைக்க வேண்டும்.

நாலாவது ஞாயிறு. மாப்பிள்ளை பாதையை ஐந்து முறை நடந்தார், போன் இல்லாமல், வாய் திறக்காமல். நான் நின்றது கடைசி நெளிவின் கடைசிக் கோனுக்குப் பக்கத்தில். தங்கை என்னிடம் வந்தாள்.

“அண்ணா, அவர் முடிச்சுட்டா கார் இருந்துட்டுப் போகட்டும். கம்பிய ரெண்டு துண்டா வாங்கி, மாட்டற இடத்துல ஜோடிச்சுக்கறேன்.”

“உனக்கும் மறை கழண்டு போச்சா?” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

முதல் ஓட்டம் ஐம்பத்திரண்டரை. அடுத்தது ஐம்பத்தொன்று. மூன்றாவது ஐம்பது புள்ளி மூன்று. டயர் கத்தவே இல்லை. வழக்கமாக அவர் வளைவுக்குள் அலறிக்கொண்டு பாய்ந்து, வெளியே வரும்போது தவழ்வார். இன்று வளைவுக்குள் நிதானமாக நுழைந்து, நேரானதும் சீறிக்கொண்டு போனார். டாக்டரம்மா கை தட்டினார். நான் கொடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

நாலாவது ஓட்டம். சிவப்புக் கார் என்னை நோக்கி நெளிந்து நெளிந்து வந்தது. ஒரு கோனுக்கும் மறு கோனுக்கும் நடுவில் ஒரு திணறல் இல்லை. கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. கண் என் கோனில் இல்லை, அதைத் தாண்டி முடிகிற கோட்டில் இருந்தது. கடைசித் திருப்பத்தில் பின் சக்கரம் கோனை லேசாக உரசியது. கோன் ஆடியது, நகர்ந்தது, நின்றது.

“நாற்பத்தொன்பது புள்ளி ஏழு!” என்று ஒலிபெருக்கி கத்தியது. தங்கை துள்ளிக் குதித்ததை அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன்.

கோனிடம் போய்க் குனிந்தேன். அடியின் ஒரு மூலை கட்டத்துக்கு உள்ளேதான் இருந்தது. நூலளவு அல்ல, விரலளவு. சந்தேகத்துக்கே இடமில்லை. பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். பிறகு நேராக்குவது போலக் காலால் அதைக் கட்டத்தின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.

“ஒரு கோன். ஐம்பத்தொன்று புள்ளி ஏழு” என்று ஒலிபெருக்கி திருத்திச் சொன்னது.

தங்கைக்காகச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவள்தான் கம்பியை வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளே. எனக்கு அந்த ஆள் லாயக்கில்லாதவராகவே இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடம் சிரித்த சிரிப்பு வீணாகப் போகக் கூடாது.

அவர் காரை நிறுத்திவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தார். நான் தயாராக நின்றேன். காற்று என்பார், சாக்பீஸ் கோடு கோணல் என்பார், கோன் கனமில்லை என்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

“தப்பு என்னோடதுதான் மச்சான்” என்றார். “நீங்க அங்க நின்னீங்க இல்ல? கடைசில ஒரு நொடி உங்க கோனை பாத்துட்டேன் போலிருக்கு. பாத்தா இடிக்கத்தான் செய்யும். டாக்டர் சொன்னது சரி.”

அவர் பார்க்கவில்லை. பார்க்காததை நான் பார்த்தேன். பதினெட்டு வருடம் ஊரார் மேலும், மூன்று மாதமாகக் கார் மேலும் பழி போட்ட மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தப்பு என்று ஒன்றை ஒத்துக்கொள்கிறார். அது அவர் செய்யாத தப்பு.

அந்த வாரமே கார் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, அவரே ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார். இப்போது வாசலில் நீளமான சாம்பல் நிற வேன் நிற்கிறது. கம்பிகள் அதில் படுத்துக்கொண்டு போகின்றன. “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று தங்கை சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்துக்கொண்டே.

மாப்பிள்ளை அந்த மைதானத்தை விடவில்லை. ஓட்டக் கார் இல்லை என்பதால் கொடி பிடிக்க வந்துவிட்டார். என் கூடத்தான் நிற்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். போன ஞாயிறு ஒரு கத்துக்குட்டி கோனை உரசிக்கொண்டு போனான். நான் பழக்கத்தில் கொடியை எடுத்தேன். மாப்பிள்ளை ஓடிப் போய் மண்டியிட்டு, கன்னம் தாரில் படுகிற அளவுக்குக் குனிந்து, கோனின் அடியை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

“கோட்டைத் தொட்டுக்கிட்டுதான் இருக்கு மச்சான். கொடிய இறக்குங்க. பாவம், அவர் தப்பே பண்ணல” என்றார்.

நான் கொடியை இறக்கினேன்.