மாசாணம் கொடுத்த கட்டளை

நம்புங்கள் என்று கெஞ்சமாட்டேன். பேய்க்குப் பயப்படுகிறவர்களைக் கேலி செய்தே ஐம்பது வயதைத் தாண்டிய கம்ப்யூட்டர் மெக்கானிக் நான். ஆனால் பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையில், புதன்கிழமை பட்டப்பகலில் நடந்தது இது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

முதலாளி அழகிரிசாமி. பெயருக்கு முன்னால் விலைக்கு வாங்கிய டாக்டர் பட்டம். அதைச் சேர்க்காமல் கூப்பிட்டால் திரும்பமாட்டார். அவருடைய பாய்லரில் வால்வு பிய்த்துக்கொண்டு, மாசாணம் என்ற தொழிலாளி நீராவியில் வெந்து செத்து இருபது நாள். "வால்வு கெட்டிருக்குதுன்னு எங்க ஊட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல எத்தனையோ தடவை எழுதிப்போட்டாருங்க" என்று அவர் மனைவி சாந்தாமணி அதிகாரிகளிடம் சொல்லியிருந்தாள். நான் போன புதன்கிழமைக்கு மறுநாள் அதிகாரிகள் சோதனை.

"அந்தப் புகாரு ஒண்ணும் இருக்கப்படாதுங்க. அழிச்சுப்போட்டுப் போங்க," என்றார் அழகிரிசாமி என்னிடம்.

"சரிங்க டாக்டர்," என்றேன். எனக்கும்தான் வெட்கமில்லையே.

அந்தக் காலத்துக் கணினி, ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு கட்டளை கொடுத்து, அது முடிந்தபின்தான் அடுத்ததைக் கொடுக்கும். இன்றைய ஆபரேட்டிங் சிஸ்டம் முப்பத்திரண்டைச் சேர்த்துக் கொடுத்துவிடும். வந்த வரிசை பார்க்காமல், எது பக்கத்தில் இருக்கிறதோ அதை டிஸ்க் முதலில் முடிக்கும். பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற நியாயம்.

மதியம் 2:40. அழிக்கச் சொன்னேன். கர்ர்... டக். புகார்கள் அப்படியே இருந்தன. டிஸ்க்குக்குப் போகும் கட்டளைகளின் வரிசையைப் பார்த்தேன். என் கட்டளைக்கு முன்னால் இன்னொன்று. எழுதும் கட்டளை. நான் கொடுக்காதது. கொடுத்தவர் பெயர்: மாசாணம்.

வைரஸ் என்று சிரித்தேன். நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன்.

2:51. மறுபடியும் அதே பெயர் முன்னால். புகார்கள் கூடியிருந்தன.

"ஏனுங்க, ஆச்சுங்களா?" என்றார் அழகிரிசாமி.

"வரிசையையே நிறுத்திப்போட்டுப் பார்க்கறனுங்க."

பழைய முறைக்கு மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. இனி என்னை எவன் முந்துவான்?

3:07. முந்தினான்.

அழகிரிசாமி பவர் வயரை உருவி எறிந்தார். திரை இருண்டது.

கர்ர்... டக்.

டிஸ்க் நிற்கவில்லை.

சீல் வைத்த பாய்லர் அறையிலிருந்து... உஸ்ஸ்ஸ்...

அழகிரிசாமியின் கையில் கொப்புளம். ஒன்று. இரண்டு. கழுத்து வரை...

"மாசாணம்... உட்டுரு சாமி..."

நான் ஓடினேன்.

நெருப்பே இல்லாத அறையில் ஒரு மனிதர் எப்படி வெந்தார் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியவில்லை. டிஸ்க்கை அதிகாரிகள் கொண்டுபோனார்கள். சாந்தாமணி சொன்னது அத்தனையும் அதில் இருந்தது.

போன வாரம் ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மாசாணத்தின் கடைசிப் புகார். சாவதற்கு முதல் நாள் தேதி. அந்தப் பட்டறை எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"வால்வு இன்னைக்கும் மாத்தலீங்க. இதையெல்லாம் அழிக்க ஒரு புதன்கிழமை சுப்பண்ணன்னு ஒருத்தர் வருவாருங்க. அவரைக் கடைசியா பார்த்துக்கறனுங்க."

என் பெயர் சுப்பண்ணன்.