வண்டியை ஓட்டியது யார்

அந்த ஜனவரியில் எனக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் நானும் காரில் இருந்திருப்பேன், வழக்கம்போல் முன்பக்கத்து இடது இருக்கையில். எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவிதான். டிரைவிங் பள்ளிக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். அவள் சீக்கிரமே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நான் கிளட்சிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். பயிற்சி கொடுத்த சர்தார்ஜி கடைசியில், "சாஹப், உங்களுக்குத்தான் மேடம் இருக்காங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தில்லி மயூர் விஹாரிலிருந்து ஆபீஸ் வரை நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டு போகலாம்.

அன்று அவள் தனியாகக் கிளம்பிப் போனாள். வெளியே எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால் மூச்சு வாங்கும் ஒரு ஹிந்திக் குரல். "பாயீ சாஹப், மேடம் நல்லா இருக்காங்க" என்றது. முன்பின் தெரியாத ஒருவன் போன் செய்து உன் மனைவி நன்றாக இருக்கிறாள் என்று சொன்னால் அது யாருக்குத்தான் நல்ல செய்தியாகப் படும்? நிஜாமுதீன் பாலத்தில் மோதல், கையில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நீ யாரப்பா என்று கேட்டேன். "மோதினது என் டெம்போதான் சாஹப்" என்றான்.

ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "காய்ச்சலோட என்னத்துக்கு வந்தீய?" என்று கடிந்துகொண்டாள். திருநெல்வேலிப் பேச்சு அவளை விட்டுப் போகவே இல்லை. "எலும்பு லேசா விட்டிருக்காம், அவ்வளவுதான். அந்த டெம்போக்காரரை போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டு. நம்மளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கு. வாங்க, போவோம்."

"நீ வீட்டுக்குப் போய்ப் படு. நான் மட்டும் போயிட்டு வரேன்."

"அடி பட்டது எனக்கு, சாட்சி சொல்ல நீங்களா?" என்று எழுந்துவிட்டாள்.

போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் எங்கள் சின்னக் கார் நின்றது. பின்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. பக்கத்தில் ஒரு டெம்போ. அதன் முகமும் நசுங்கியிருந்தது. சுவரோரம் கிடைத்த கொஞ்சம் வெயிலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என் மனைவியைக் கண்டதும் எழுந்து கைகூப்பினான்.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர், நல்ல ஆகிருதியான மனிதர், மீசையைத் தடவியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் கணவரா? லைசென்ஸை எடுங்க."

"என்கிட்ட லைசென்ஸ் இல்லையே" என்றேன்.

அவர் முகம் மாறியது. "லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டியிருக்கீங்க. மோதினதும் பெண்டாட்டியை நடு ரோட்டில விட்டுட்டு ஓடியிருக்கீங்க. இந்த டெம்போக்காரன்தான் அவங்களை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கான். பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க, வெட்கமா இல்லையா?"

குல்லாவும் மப்ளருமாக நான் நின்ற கோலமும் ஓடி ஒளிந்தவன் கோலம்தான். "நான் வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்தேன்" என்றேன். உண்மையைச் சொல்லும்போதே அது பொய்போல ஒலிப்பதை அன்றுதான் அனுபவித்தேன்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து ஆட்டினார். "மேடமே ஆஸ்பத்திரியில ஹெட் கான்ஸ்டபிள்கிட்ட சொல்லியிருக்காங்க. வண்டியை ஓட்டினது நீங்கதான்னு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஹெட் கான்ஸ்டபிள் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னே?" என்றேன்.

"காடி சலா ரஹா தான்னு சொன்னேன். வண்டி ஓட்டிட்டு இருந்தேன்னு."

எனக்கு விளங்கிவிட்டது. தமிழில் 'ஓட்டினேன்' என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஹிந்தியில் பெண்பிள்ளை 'சலா ரஹீ தீ' என்று சொல்ல வேண்டும். 'சலா ரஹா தா' என்றால் யாரோ ஓர் ஆண் ஓட்டினான் என்று ஆகிவிடும். கல்யாணமாகி தில்லிக்கு வந்த நாளிலிருந்து என் மனைவி காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், ஆபீஸ் பியூன் எல்லோரிடமும் தன்னை ஆணாகவே வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் புரிந்தது, யாரும் திருத்தவில்லை. போலீஸ் மட்டும் இலக்கணப்படி எழுதிக்கொண்டது.

நான் விளக்கினேன். சப்-இன்ஸ்பெக்டர் நம்பாமல், வெளியே உட்கார்ந்திருந்த டெம்போக்காரனைக் கூப்பிட்டு, "காரை யார் ஓட்டினது?" என்று கேட்டார். "மேடம்தான் ஹுசூர். காரில் வேற யாருமே இல்லை" என்றான் அவன். என் மனைவி கைப்பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் அதையும் அவளையும் என் குல்லாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஹெட் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல, அவரும் சிரித்தார். "மேடம், 'ரஹீ தீ'ன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்றார்கள். அவள் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன.

டீ வந்தது. புதுக் காகிதம் எடுத்து அவர் எழுத ஆரம்பித்தார். ஆபீஸில் ஹிந்தித் தேர்வு எழுதித் தேறியவன் என்பதால் எதிர்ப்பக்கமிருந்து நான் தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தேன். டெம்போ 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' வந்து மோதியதாக எழுதியிருந்தார். அதை மெல்ல மனைவியிடம் சொன்னேன்.

"வேகமா?" என்று நிமிர்ந்தாள். "அந்தப் பனியில எவனால வேகமாப் போவ முடியும்? முன்னால பஸ் நின்னுச்சு, நான் பிரேக் போட்டேன். அவருக்குக் கண்ணு தெரியலை, இடிச்சிட்டாரு. அவ்வளவுதான். இடிச்சிட்டு அப்படியே போயிருக்கலாம். போவலை. கதவைப் பிச்சு என்னை வெளிய எடுத்து, ஆட்டோ நிறுத்தி, உங்களுக்குப் போன் போட்டு, டாக்டர் வர்ற மட்டும் பக்கத்துலயே நின்னாரு. அதையும் எழுதச் சொல்லுங்க."

நான் ஹிந்தியில் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டார். "மேடம், எல்லா விபத்து வாக்குமூலத்திலும் இந்த வரி இருக்கும்."

"என்னுதுல இருக்காது" என்றாள். அதை அவளே ஹிந்தியில் சொன்னாள். அதில் தப்பில்லை.

டெம்போக்காரன் காஜிபூர் காய்கறி மண்டியிலிருந்து காலிஃபிளவர் ஏற்றிக்கொண்டு வந்தவனாம். இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நேரத்தில் பாலத்தில் போகிறவர் வருகிறவரெல்லாம் ஆளுக்கு இரண்டு பூவை எடுத்துப் போய்விட்டார்களாம். அதை அவன் சொல்லவில்லை, ஹெட் கான்ஸ்டபிள்தான் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, பனிமூட்டம் என்று எழுதினார். டிரைவரே மருத்துவமனையில் சேர்த்தார் என்று இன்னொரு வரி. இரு தரப்பிலும் புகார் இல்லை என்று முடித்துக் கையெழுத்து வாங்கினார். அவனை அன்றே விட்டுவிட்டார்கள்.

வண்டிகளைப் பரிசோதித்து ஓரிரு நாளில் தருகிறோம் என்றார்கள். நாங்கள் போனபோது அவனும் தன் டெம்போவுக்காக வந்திருந்தான். என் மனைவி கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, எங்கள் காரைக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள். அவன் உடனே சாவியை வாங்கிக்கொண்டான். அவள் முன்னால் ஏறிக்கொண்டு, "தீரே, தீரே" என்று, மெதுவாகப் போகும்படி, வழிநெடுக அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவனும் "ஜீ, ஜீ" என்றபடி, மாட்டு வண்டி வேகத்தில் மயூர் விஹார் வந்து சேர்த்தான். வீட்டில் இட்லியும் சாம்பாரும் கொடுத்தோம். காபியை மட்டும் ஒரு வாய் குடித்து முகம் சுளித்துவிட்டு, மரியாதைக்காக மீதியையும் முடித்தான்.

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இருவரும், ஆபீஸ் போகிறவர்களுக்கென்றே ஓடும் சார்ட்டர்ட் பஸ்ஸில் போனோம். தினமும் வருகிற பெண்கள் அவளுக்கு ஜன்னலோர இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். வேர்க்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்ந்த கரகரப்பான கஜக்கும் கை மாறி மாறி வரும். ஒரு நாள் பஸ் அதே பாலத்தைக் கடக்கும்போது அவள் யமுனையைப் பார்த்தபடி, "ஓட்டுறப்ப இதெல்லாம் பார்க்கவே முடியலங்க" என்றாள். பனி விலகி ஆற்றின்மேல் வெயில் அடித்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து பார்த்தேன்.